சீலிங்குக்கு மேலே ஒரு தாய்

கூட்டுக்குள் அது எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தது.

காலை ஆறரை மணி இருக்கும். வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறத்தில், பப்பா மரத்தடியில், நான் வைத்த கதலிப்பழங்களின் தோல் மட்டும் மிஞ்சிக் கிடந்தது. கம்பிவலையில் இரண்டு இடம் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. சாம்பலும் கறுப்பும் கலந்த உரோமம், உடம்பளவு நீளமான வால். நான் குனிந்ததும் தலையைத் திருப்பி ஒருமுறை சீறியது. பிறகு மூலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

அதிலிருந்து ஒரு மணம் வந்தது. இரம்பை இலை போட்டுச் சோறு அவிக்கும்போது குசினிக்குள் எழுமே, அதே மணம். இத்தனை வருடமாக எங்கள் தலைக்கு மேலே ஓடித் திரிந்த மரநாய்க்கு இப்படியொரு வாசம் உண்டென்று அன்றைக்குத்தான் அறிந்தேன்.

"இஞ்சாருங்கோ, பிடிபட்டிட்டுது!" என்று வீட்டுப் பக்கம் பார்த்துக் கத்தினேன்.

இவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். தபால் கந்தோரில் முப்பது வருடம் முத்திரை குத்தி ஓய்வுபெற்ற என் கணவரைத்தான் சொல்கிறேன். கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே போய் ஒரு சிரட்டையில் தண்ணீர் கொண்டுவந்து, கம்பிக்கு இடையால் தள்ளி வைத்தார்.

"என்னத்துக்கு இப்ப தண்ணி? எட்டு மணிக்குத் தாசன் வந்து கொண்டு போயிடுவான்."

"எட்டு மணிமட்டும் தாகம் எடுக்காதோ?"

சந்தோசமாக இருந்தேன் என்பதை இங்கே ஒளிக்காமல் எழுதிவிட வேண்டும்.

கூடு வந்த காரணம்

இந்தத் தொடரில் இதுவரை நான் எழுதியதெல்லாம் மனிதப் பிள்ளைப்பேறுகள். மருத்துவமாதுவாக ஊர் ஊராகச் சைக்கிள் மிதித்த கதைகள். இந்த வாரக் கதை என் வீட்டுக்குள்ளேயே நடந்தது. அதில் நான் செய்த பிழை பெரிது.

மகள் லண்டனிலிருந்து வருவதாக இருந்தது. முதல் பிள்ளையோடு வருகிறாள். எட்டு மாதப் பேரனை நாங்கள் போனில் மட்டும்தான் கண்டிருந்தோம். அவர்களுக்கென்று முன்னறையை வெள்ளையடித்து, யன்னலுக்குப் புதுத் திரை போட்டு, கட்டிலுக்கு வெள்ளை விரிப்பு விரித்தேன். அடுத்தநாள் காலையில் விரிப்பின் நடுவில் தேத்தண்ணி நிறத்தில் ஒரு வட்டம். அண்ணாந்து பார்த்தால் பலகைச் சீலிங்கிலும் அதே நிறத்தில் ஒரு வட்டம், இன்னும் ஈரமாக. மரநாய் மூத்திரம்.

விரிப்பைத் தோய்த்தேன். மூன்றாம் நாள் மறுபடியும் வட்டம்.

"பிள்ளை படுக்கிற கட்டில். இதுக்கு மேலை பொறுக்கேலாது" என்றேன்.

"சீலிங் அதுகளின்ரை. கட்டில் எங்கடை. எப்பன் யோசிச்சுச் செய்வம்" என்றார் இவர்.

இவர் யோசிக்கத் தொடங்கினால் பேரனுக்குப் பள்ளிக்கூடம் போகிற வயது வந்துவிடும். அடுத்தநாள் மீன் கொண்டுவந்த தாசனிடம் விசயத்தைச் சொன்னேன்.

தாசன் குருநகர்க்காரன். வள்ளங்கள் கரைக்கு வந்ததும் மோட்டச்சைக்கிளின் பின்னால் பெட்டி கட்டிக்கொண்டு கொக்குவில், இணுவில், சுன்னாகம் என்று மீன் விற்றுக்கொண்டு போவான். ஊரடங்குச் சட்டம் போட்டிருந்த ஓர் இரவில் அவனுடைய மூத்த பெட்டையை அவர்களின் வீட்டிலேயே நான்தான் பெறுவித்தேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு வருகிற மீன் எப்போதும் முதல்தரம்.

"எங்கடை பக்கத்து வீட்டுச் சீலிங்கிலையும் உது நிண்டது, மிஸ்ஸி. மச்சான் கம்பியிலை ஒரு கூடு அடிச்சவர். கொண்டந்து தாறன். பிடிபட்டால் நானே கொண்டுபோய்க் கீரிமலைப் பக்கம் காட்டுக்கை விட்டிட்டு வாறன்."

இப்படிக் கூடு வைத்துப் பிடிப்பதே பிழையான காரியம் என்று பிறகு விசயம் தெரிந்தவர்கள் சொல்லித்தான் அறிந்தேன். அன்றைக்கு அது எனக்குப் பெரிய உபகாரமாகத் தெரிந்தது.

சொன்னபடி எட்டு மணிக்குத் தாசன் வந்தான். அரைக் கிலோ பாரையை எனக்கு நிறுத்துத் தந்துவிட்டு, மீன்பெட்டிக்கு மேலே கூட்டை ஏற்றி ரியூப்பால் இறுக்கிக் கட்டினான். வெயில் படாமல் சாக்கால் மூடினான். மரநாய் மீன் மணத்துக்கு மேலே இருந்துகொண்டு படலையைக் கடந்து போனது.

நான் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன்.

எங்களுக்கு முந்திக் குடிவந்தவை

யுத்தகாலத்தில் நடந்த அந்தப் பெரிய இடம்பெயர்வில் எங்கள் ஊர் கொக்குவிலே ஒரே இரவில் வெறுமையானபோது நாங்களும் வீட்டைப் பூட்டிக்கொண்டு தென்மராட்சிக்கு நடந்தோம். மாதங்கள் கழித்துத் திரும்பிவந்து பார்த்தால் பூட்டு அப்படியே இருந்தது. ஓட்டில்தான் பெரிய ஓட்டை.

குசினி மூலையில் பப்பாக் கன்று ஒன்று முழங்கால் உயரத்துக்கு நின்றது. சுவரோரம் எங்கும் எச்சம், அதற்குள் பழக்கொட்டைகள். என்ன பழங்கள் அந்த வருடம் ஊரில் நன்றாகக் காய்த்தன என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். மனிதர் இல்லாத வீட்டில் மரநாய்கள் குடும்பம் நடத்தியிருக்கின்றன.

ஓடுகளை மாற்றினோம். வீட்டைக் கழுவினோம். சீலிங்குக்கு மேலிருந்து மட்டும் அவை போகவில்லை. மாமரத்துக் கிளையால் கூரைக்கு வந்து, முகட்டோரம் இருந்த சந்தால் உள்ளே போய்வந்தன. இவர் அந்தச் சந்தை அடைக்கவே இல்லை. "வீடு பூட்டிக் கிடந்த நேரம் அதுகள்தானே இருந்து பாத்ததுகள்" என்பார்.

எங்கள் ஒழுங்கையில் இப்போது எல்லாமே மதில். கிடுகுவேலி இருந்த காலத்தில் கீரி எங்கே வேண்டுமானாலும் புகுந்து போகும். இப்போது அதற்கு வழி, மழைத்தண்ணீர் ஓட மதிலில் விட்ட ஓட்டைகள்தான். குட்டிகளைக் கூட்டிக்கொண்டு ரெயில் பாதையைக் கடக்கிற கீரியை நான் கண்டிருக்கிறேன். ரெயில் போன பிறகுதான் கடக்கும். அணில் எங்கள் தண்ணீர் மோட்டரின் சுவிச்சுப் பெட்டிக்குள் தும்பு அடைத்துக் கூடு கட்டி, இரண்டு முறை எங்களை வாளியால் அள்ள வைத்தது. காகம் கட்டுகிற கூட்டில் பாதி, வீடு கட்டுகிற இடத்திலே பொறுக்கிய கட்டுக்கம்பி. செண்பகக் குருவி மட்டும் இன்னும் கிணற்றடி வாழைக்குள்ளேயே நின்று "உக், உக்" என்கிறது.

மரநாய் என்றதும் ஞாபகம் வருகிறது. உத்தியோகத்துக்குச் சேர்ந்த புதிதில் தென்மராட்சியில் ஒரு வீட்டுக்குப் பிள்ளைப்பேறு பார்க்க விடியற்காலை போய்க்கொண்டிருந்தேன். பனைக்கு மேலே நின்ற ஒருவர் தன்பாட்டில் சிரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் "பிள்ளை, எப்பன் நில்லுங்கோ, ஒரு புதினம் காட்டுறன்" என்று இறங்கி வந்தார். கையிலிருந்த முட்டிக்குள் கள் அரைவாசி. மற்றக் கக்கத்தில் ஒரு மரநாய். நாலு காலும் தொங்க, வாய் திறந்தபடி, நல்ல நித்திரை.

"விடியுமட்டும் குடிச்சுப்போட்டுப் பனை வட்டுக்குள்ளையே படுத்திட்டார்" என்றார். அதைக் கொண்டுபோய் வடலி நிழலில் கிடத்தி, மேலே ஓர் ஓலையையும் இழுத்து வைத்தார். "எழும்பேக்கை வெயில் பட்டால் தலையிடிக்கும், பாவம்."

அன்றைக்குப் பிறந்தது பெண்பிள்ளை. இப்போது அவள் ஒரு பள்ளிக்கூட அதிபர்.

பத்து மணி

விட்ட இடத்துக்கு வருகிறேன். பாரையை வெட்டிக் கழுவி மஞ்சள் பிரட்டி வைத்துவிட்டு, தோய்த்துக் காய்ந்த விரிப்போடு முன்னறைக்குப் போனேன். இனி வட்டம் விழாது என்ற நிம்மதியில் விரித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

மெல்லிய சத்தம். இரண்டு மூன்று முறை விட்டுவிட்டு. எலி என்று நினைக்கலாம், குருவிக்குஞ்சு என்று நினைக்கலாம். எனக்கு அப்படி நினைக்க முடியவில்லை. முப்பத்தைந்து வருடம் கேட்ட காது இது. பிள்ளை நோவுக்கு அழுகிற அழுகை வேறு, ஈரத்துக்கு அழுகிற அழுகை வேறு. பசிக்கு அழுகிற அழுகை கொஞ்சம் நின்று, யாராவது வருகிறார்களா என்று பார்த்துவிட்டு, மறுபடி தொடங்கும்.

சீலிங்குக்கு மேலே அழுகை நின்றது. மறுபடி தொடங்கியது.

விரிப்பை அப்படியே கட்டிலில் போட்டுவிட்டுப் பின்னுக்கு ஓடினேன்.

"இஞ்சாருங்கோ, ஏணியை எடுங்கோ. மேலை குட்டியள் கிடக்கு."

இவர் பத்திரிகையை மடித்து வைத்தார். சாமானறையில் சீலிங்குக்கு ஏறுவதற்குச் சதுரமாக ஒரு வாய் உண்டு. அதன் பலகையைத் தள்ளி, ரோச் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேலேயிருந்து சூடு அடுப்புப்போல இறங்கியது. ஓட்டுக்குக் கீழே பத்து மணிக்கே அப்படி.

"எத்தினை?"

"மூண்டு. பழைய மெத்தையைக் கிழிச்சுப் பஞ்சுக்குள்ளை போட்டு வைச்சிருக்கு. கண் இப்பதான் திறந்த மாதிரி."

இவர் இறங்கி வந்தார். நான் ஏணியை விடவில்லை. எத்தனையோ ஆயிரம் வயிறு தடவிப் பார்த்த கை என்னுடையது. ஒரு பெண் படலையடியில் நடந்து வரும்போதே எத்தனை மாதம் என்று சொல்லிவிடுவேன். இந்தத் தாய் ஒன்றரை மணிநேரம் என் முன்னால் படுத்திருந்தது. அதன் வயிற்றைப் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்ததும் அதனால்தானோ?

இவர் என்னைக் குறைசொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன், மனம் ஆறியிருக்கும். இவர் சொன்னது வேறு.

"அந்தரப்படாதையும். தாசனுக்குப் போன் எடும்."

எடுத்தேன். பெண்குரல் கேட்டது. தாசனின் மனைவி மேரி.

"மிஸ்ஸியே? அவர் போனை வீட்டை விட்டிட்டெல்லே போயிட்டார். சார்ச்சிலை கிடக்கு. மீனிலை ஏதும் பிழையே?"

"மீனிலை ஒரு பிழையும் இல்லைப் பிள்ளை. நான்தான் ஒரு பிழை விட்டிட்டன். அவர் கீரிமலைக்கு எப்பிடியும் எத்தினை மணிக்குப் போவார்?"

"தெல்லிப்பழையிலை பெட்டி வெறுமையாயிடும். பதினொரு மணிக்குப் பிறகு கீரிமலையிலைதான் நிப்பார்."

போனை வைத்தபோது இவர் சாரத்தை மாற்றிக் காற்சட்டை போட்டுக்கொண்டு நின்றார். கையில் மோட்டச்சைக்கிள் திறப்பு.

பூட்டிய கேற்றும் திறந்த கூடும்

இவருக்குப் பின்னால் மோட்டச்சைக்கிளில் ஏறி ஐந்தாறு வருடம் ஆகியிருக்கும். இரண்டு பேருக்கும் முழங்கால் சரியில்லை. ஏறுவதற்கே ஒரு நிமிடம் பிடித்தது. ரெயில் பாதையடிக்கு வந்தால் கேற் பூட்டு.

யாழ்தேவியோ வேறு எதுவோ, அன்றைக்கு வந்த ரெயிலைப்போல ஆறுதலாக ஓடிய ஒன்றை நான் கண்டதில்லை. ஒவ்வொரு பெட்டியாகப் போனது. யன்னலில் இருந்த ஒரு பிள்ளை எனக்குக் கை காட்டியது. நானும் காட்டினேன்.

"குட்டியளுக்குச் சீனித்தண்ணி எண்டாலும் வைச்சிட்டு வந்திருக்கலாம்" என்றேன்.

"உமக்கு மனிசப் பிள்ளையளின்ரை வைத்தியம்தான் தெரியும். அதுகளுக்குத் தாய்தான் வேணும்."

கேற் திறந்தது. காங்கேசன்துறை வீதியில் இவர் தன் வயதுக்கு ஓடக்கூடாத வேகத்தில் ஓடினார். சுன்னாகம் சந்தையடியில் சனம். மல்லாகம் கடந்து தெல்லிப்பழையில் நிற்பாட்டி, கடை வாசலில் நின்ற ஒரு பெண்ணிடம் விசாரித்தேன்.

"குருநகர் மீன்காரரோ? கொஞ்சம் முந்திப் போனவர். ஏதோ கூடு கட்டிக்கொண்டு போனார். பிள்ளையள் பாக்க வேணுமெண்டு துரத்திக்கொண்டு ஓடினதுகள்."

அதற்கப்பால் வீதியின் முகமே மாறியது. ஒருகாலம் இராணுவ வலயமாகி, இருபது வருடத்துக்கு மேலாக நாங்கள் யாரும் காலடி வைக்க முடியாதிருந்த நிலம் அது. இப்போது சில வளவுகளில் புதுவீடு, புதுமதில், புது வாழை. பக்கத்து வளவில் கூரையில்லாத வீடு. அடுப்படியிலிருந்து எழும்பிய ஆலமரம் யன்னலால் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. மயிலை நான் சிறுவயதில் கோயில் வாகனமாகத்தான் கண்டிருக்கிறேன். இங்கே இப்போது மயில் வீதிக்குக் குறுக்கே நடக்கிறது. வெங்காயம் நட்டவர்கள் அதைத் திட்டுகிறார்கள். திட்டிக்கொண்டே அதன் தோகையைப் பொறுக்கிச் சாமிப்படத்துக்குச் செருகுகிறார்கள்.

கீரிமலையில் கடற்காற்று முகத்தில் அடித்தது. தீர்த்தக் கேணியடியில் தாசனின் மோட்டச்சைக்கிள் நின்றது. மீன்பெட்டி கழுவிக் கவிழ்த்திருந்தது.

கூடு இல்லை.

இவர் ஆண்களின் கேணிப் பக்கம் போய்க் கூப்பிட்டார். தாசன் தலையில் தண்ணீர் வடிய வடிய வந்தான். எங்கள் இருவரையும் கண்டு பயந்து போனான்.

"என்ன மிஸ்ஸி? வீட்டிலை ஆருக்கும் ஏதுமோ?"

"தாசன், மரநாய் எங்கை? அது பிள்ளைப்பெத்தது. மேலை மூண்டு குட்டி கத்திக்கொண்டு கிடக்கு."

அவன் முகம் சுருங்கியது.

"நான் விட்டிட்டன் மிஸ்ஸி. கால்மணித்தியாலம் இருக்கும்."

கேணிக்கட்டில் இருந்துவிட்டேன்.

"விட்டது எண்டால்..." என்று தாசன் இழுத்தான். "கதவைத் திறந்து விட்டன். நான் நிக்கேக்கை அது வெளிக்கிடேல்லை. மூலைக்கை ஒண்டிக்கொண்டு கிடந்தது. தட்டிப் பாத்தன், கம்பாலை தள்ளிப் பாத்தன். அசையேல்லை. வெயில் குறையத் தானாப் போகட்டும், போயிட்டு வந்து கூட்டை எடுப்பம் எண்டு குளிக்க வந்தன்."

"எந்த இடம்?"

"உங்கைதான், உந்த இடிஞ்ச வீட்டுக்கை."

"கெதியா வாரும்."

ஈரச் சாரத்தோடு தாசன் முன்னே நடந்தான். நாயுண்ணிப் பற்றைக்குள்ளால் ஒற்றையடிப் பாதை. என் சேலை இரண்டு இடத்தில் கிழிந்தது. தூணும் அரைச்சுவருமாக ஒரு வீடு. அதன் விறாந்தைச் சீமெந்தில் கூடு, கதவு திறந்தபடி. உள்ளே இருட்டாகத் தெரிந்தது சாக்கின் நிழலா, வேறு எதுவுமா என்று எட்டத்தில் நின்று எனக்குப் பிடிபடவில்லை.

இவர் எங்கள் இரண்டு பேரையும் கையால் மறித்தார். செருப்பைக் கழற்றினார். அந்த முழங்காலோடு, நாலு எட்டை நாற்பது எட்டாக வைத்துப் போய், பின்பக்கத்தால் குனிந்து, கதவை மெல்ல இறக்கிக் கொக்கியைப் போட்டார்.

"நிக்குது" என்றார். திரும்பி எங்களைப் பார்த்துச் சிரித்தார். "வெயிலுக்குப் பயந்த சாமான். வெளிச்சத்திலை எங்கை ஓடுறது?"

நான் கிட்டப் போய்ச் சீமெந்தில் இருந்தேன். சாக்கை விலக்கி, இந்த முறை வயிற்றைப் பார்த்தேன். காம்புகள் தடித்திருந்தன. சுற்றியிருந்த உரோமம் ஈரமாக ஒட்டிக் கிடந்தது. பால் கட்டிவிட்டது. அந்த நோவை எனக்கு ஒருவரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

தாசனும் குனிந்து பார்த்தான்.

"நானும் மூண்டு பெத்த தகப்பன் மிஸ்ஸி. எனக்கெண்டாலும் தெரிஞ்சிருக்க வேணும்."

"உமக்கென்ன தெரியும் தம்பி. அதுக்குச் சம்பளம் வாங்கினது நான்."

திரும்ப வெளிக்கிடும்போது இவர் மோட்டச்சைக்கிளை உதைத்துக்கொண்டே கேட்டார். "கீரி முகத்தோடை வந்த முனிவருக்கு இந்தக் கேணியிலை முழுகித்தான் முகம் திருந்தினது எண்டு சொல்லுறவை. மரநாய்க்கும் ஏதும் திருந்தியிருக்குமோ?"

"திருந்தினது நான்தான். ஓடுங்கோ."

மூன்று மணிச் சாப்பாடு

தாசன் கூட்டைத் தன் மோட்டச்சைக்கிளில் கட்டிக்கொண்டு பின்னால் வந்தான். வரும்வழியில் இரண்டு இடத்தில் நிற்பாட்டிச் சாக்கைக் கிணற்றுத் தண்ணீரில் நனைத்தோம். வீட்டுக்கு வந்தபோது ஒரு மணி தாண்டிவிட்டது.

மேலே அழுகை இன்னும் கேட்டது. ஆனால் இடைவெளி நீண்டிருந்தது. அது நல்ல அறிகுறி இல்லை.

தாசன் கூட்டைத் தோளில் வைத்து ஏணியில் ஏறினான். கூட்டைச் சீலிங்குக்குள் தள்ளி, கொக்கியைக் கழற்றி, கதவில் கட்டிய மீன்பிடி நைலோன் நூலைக் கூரைமரத்துக்கு மேலால் போட்டுவிட்டு இறங்கினான். பலகையை மூடி, நூலை மட்டும் கீழே விட்டிருந்தான். மூன்று பேரும் சாமானறைக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். தாசன் நூலை இழுத்தான். மேலே "கிளிக்" என்று கதவு எழும்பியது.

ஒன்றும் நடக்கவில்லை.

என் மனதில் வராத எண்ணமில்லை. மனிதக்கை பட்ட மணத்துக்கு வெறுத்துவிடுமோ, பயத்தில் முகட்டுச் சந்தால் ஓடிவிடுமோ, பால் வற்றிவிடுமோ. பிறந்த பிள்ளை அழாமல் கிடக்கிற அந்த முதல் அரை நிமிடத்தில் தாய்மார் என் முகத்தையே பார்ப்பார்கள். அன்றைக்கு நான் இவர் முகத்தைப் பார்த்தேன். இவர் சீலிங்கைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மேலே ஒரு குட்டி கத்தியது.

உடனே பலகையில் நகம் பட்டு ஓடுகிற சத்தம். சாமானறையிலிருந்து முன்னறைப் பக்கமாக, ஒரே ஓட்டம். பிறகு மூன்று குட்டியும் சேர்ந்து கத்தின. முன்னெப்போதும் இல்லாத சத்தம். பிறகு இரண்டு. பிறகு ஒன்று.

பிறகு சத்தமே இல்லை.

பால் கிடைத்த பிள்ளை அழாது. நான் அந்த இடத்திலேயே அரிசிச் சாக்கில் இருந்துவிட்டேன். தாசன் கையிலிருந்த நூலை விரலில் சுற்றிக்கொண்டு, பெருவிரலால் சிலுவை போட்டுக்கொண்டான். இவர் மூக்கைச் சீறினார். தூசி என்றார்.

பாரைக்குழம்பு வைத்து முடிய மூன்று மணி. மூன்று பேரும் பாணோடு குழம்பைத் தொட்டுச் சாப்பிட்டோம். என் சமையலில் அன்றைக்கு உப்புக் கூடிப்போயிற்று. இரண்டு பேரும் ஒரு சொல்லும் சொல்லாமல் இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார்கள்.

கட்டில் விசயமும் அன்றைக்கே முடிந்தது. வெளிக்கிட முதல் தாசன் ஒரு பக்கம், இவர் மறுபக்கம் பிடித்து, கட்டிலை யன்னலோரம் தள்ளிப் போட்டார்கள். வட்டம் இருந்த இடத்துக்குக் கீழே ஒரு பழைய பேசினை வைத்தேன். இந்த இரண்டு வேலைக்கும் பத்து நிமிடம் ஆகவில்லை. இதை முதல்நாளே செய்திருக்கலாமே என்று வாசகர்கள் கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

பேரன் வந்த பிறகு

மூன்று கிழமை கழித்து மகள் வந்தாள். நடந்ததை எல்லாம் போனில் முதலே சொல்லியிருந்தேன். கோபிப்பாள் என்று நினைத்தேன். அவள் பெட்டியை வைத்த கையோடு அண்ணாந்து சீலிங்கைப் பார்த்து, "எந்தப் பக்கம் அம்மா?" என்று கேட்டாள்.

மேலே குட்டிகள் நடக்கப் பழகிக்கொண்டிருந்தன. கீழே பேரன் தவழப் பழகிக்கொண்டிருந்தான். தாய்மார் இருவருக்கும் நித்திரை குறைவு.

மகள் திரும்பிப் போக நாலைந்து நாள் இருக்கும்போது, ஒரு மைமல் நேரம், பொழுது இருட்டிக்கொண்டு வர, இவர் முற்றத்தில் நின்று கையைக் காட்டிக் கூப்பிட்டார். சத்தம் போடவில்லை. நானும் பேரனைத் தூக்கிக்கொண்டு மகளும் போனோம்.

கூரை விளிம்பில் தாய் நின்றது. பின்னால் மூன்று சிறிய தலைகள்.

தாய் மாங்கிளைக்குப் பாய்ந்தது. முதலாவது குட்டி கொஞ்சம் யோசித்துப் பாய்ந்தது. இரண்டாவதும் பாய்ந்தது, கால் வழுக்கி, வாலால் சமாளித்து ஏறிக்கொண்டது. மூன்றாவது விளிம்புவரை வந்து கீழே பார்த்தது. பின்னுக்குப் போனது. மறுபடி வந்தது. மறுபடி பின்னுக்கு.

தாய் கிளையில் நின்றபடி மெல்லிய குரல் ஒன்று கொடுத்தது. நாங்கள் நாலு பேரும் அசையவில்லை. பேரன்கூட மகளின் சட்டைக்கழுத்தை வாயில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தான்.

"வெளிச்சத்துக்குக் கூசுது போலை" என்றார் இவர். விறாந்தைக்குப் போய் வெளிலைற்றை நிற்பாட்டினார்.

முற்றம் கறுத்துப் போயிற்று. மாமரம் எது, கூரை எது என்று தெரியவில்லை. மகளின் மூச்சும் பேரன் துணி சப்பும் சத்தமும்தான் கேட்டன. கனநேரம் நின்ற மாதிரி இருந்தது.

பிறகு இலைகளுக்குள் "சரக்" என்று ஒன்று விழுந்தது. கிளை ஒருமுறை ஆடி நின்றது.

"மூண்டு" என்றாள் மகள்.